எழுத்துப்பூர்வமாக

வெளியே உட்காருங்கம்மா, அரை மணி நேரத்தில் கூப்பிடுகிறோம் என்று தலைவர் சொன்னதும் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி, மூன்று பேருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லி, கதவைப் பதவிசாகச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறேன். பதினாலு வருட எச்.ஆர். வேலை உடம்பில் ஊறிப்போனால் தலையில் இடி விழுந்தாலும் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் விழுவோம் போலிருக்கிறது. கை மட்டும் ஆடுகிறது. வலது கை. அதை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டால் இடது கையும் சேர்ந்து ஆடுகிறது. அடுத்த நாற்காலியில் டை கட்டிய ஒருவர், எனக்கு அடுத்து உள்ளே போக வேண்டியவர், என்ன மேடம் கேட்டாங்க, கஷ்டமா என்று குனிந்து கேட்டார். கையெழுத்து கேட்டாங்க என்றேன். அவர் எதுவும் புரியாமல் தன் பையிலிருந்து பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பாவம், கையெழுத்துப் போடச் சொல்வார்கள் என்று நினைத்துவிட்டார். நுங்கம்பாக்கத்தில் மூன்றாவது மாடி, ஏ.சி. குளிர், சுவரில் இந்த எச்.ஆர். பேரவையில் தேறியவர்களின் புகைப்படங்கள் வரிசையாக. வசுமதி என்ற என் பெயருக்குப் பின்னால் இவர்கள் தருகிற பட்டத்தின் நாலு எழுத்து வேண்டும் என்று ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று தீர்த்தேன். கம்ப்யூட்டரில் இரண்டு பரீட்சை, இரண்டிலும் தேறினேன். சொந்த வேலையிலிருந்து ஓர் அறிக்கை, அதையும் எழுதிக் கொடுத்தேன். கடைசியாக இந்த நேர்காணல். இந்த மாதக் கடைசிக்குள் அந்த நாலு எழுத்து வந்தால் சீனியர் மேனேஜர் நாற்காலி உங்களுக்கு, இல்லையென்றால் பூனாவிலிருந்து ஆள் வருகிறார், நான் ஒன்றும் செய்ய முடியாது என்று ஜி.எம். சொல்லிவிட்டார். காலையில் கூட அவரிடமிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்தப் படத்தோடு. கட்டைவிரல். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

இருபது நிமிடம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது. தலைவர் சிரித்துச் சிரித்துக் கேட்டார், நான் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். என் அறிக்கையின் பொருள் தகவல் இல்லாமல் வேலைக்கு வராதவர்களைக் குறைத்த கதை. மூன்று கடித முறை என்று நானே பெயர் வைத்தது. ஒரு தொழிலாளி பத்து நாள் தகவல் இல்லாமல் வராவிட்டால் ரிஜிஸ்டர் தபாலில் முதல் கடிதம், ஒரு வாரம் கழித்து இரண்டாவது, இன்னொரு வாரம் கழித்து மூன்றாவது. பதில் வராவிட்டால் அவராகவே வேலையை விட்டுவிட்டார் என்று பெயரை எடுத்துவிடலாம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தில் சூப்பர்வைசர் போன் பண்ணுவார், யாராவது வீடு வரைக்கும் போய்ப் பார்ப்பார்கள், அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம் என்பார்கள், மச்சினிக்கு நிச்சயம் என்பார்கள், கதை வளர்ந்துகொண்டே போகும். நான் அதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தேன். போன் கிடையாது, வாய்ப்பேச்சு கிடையாது, எல்லாம் எழுத்துப்பூர்வமாக. அறிக்கையில் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டதும் நான்தான். நூற்றுக்குப் பதினாலு பேர் வராமல் இருந்த ஆலையில் இரண்டே வருடத்தில் ஆறு பேர். மாதிரிக்கு ஒரு ஃபைல் இணைக்க வேண்டும் என்றார்கள். இருந்ததிலேயே சுத்தமான ஃபைலாகத் தேடி எடுத்தேன். மு. கன்னியப்பன், வயது முப்பத்தொன்று, தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். மூன்று கடிதம் போனது, மூன்றும் போய்ச் சேர்ந்தது, வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாகத் தபால்காரர் திருப்பி அனுப்புகிற ஏ.டி. கார்டு மூன்றும் பத்திரமாக வந்தது, பதில் இல்லை, வழக்கு இல்லை, யூனியன் இல்லை, சத்தமே இல்லை. பாடப்புத்தகத்தில் போடலாம். இந்திராணி மேடம் என்கிற அந்த ஒல்லியான அம்மாள், தொழிலாளர் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவராம், அதுவரைக்கும் வாயே திறக்காமல் பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டு என் இணைப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனசுக்குள் கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருந்தது. திடீரென்று கார்டுகள் இருந்த பக்கத்தில் விரலை வைத்து, "இந்தக் கன்னியப்பன் எழுதப் படிக்கத் தெரியாதவராம்மா?" என்று கேட்டார். பார்த்தேன். மூன்று கார்டிலும் நீல மையில் பெருவிரல் ரேகை, பக்கத்திலேயே தபால்காரர் எழுத்தில் கன்னியப்பன் இடது கைப் பெருவிரல் என்று குறிப்பு. ஆமாம் மேடம், கைநாட்டு என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அவர் முதல் இணைப்புக்குத் திருப்பினார், வேலை நியமன உத்தரவு, அதன் அடியில் ஆங்கிலத்தில் எம். கன்னியப்பன் என்று வளைத்துப் போட்டு, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. "அப்ப இது யார் போட்டதும்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

என் பிரதி பையில் இருக்கிறது, எடுக்கட்டுமா. எடுக்க வேண்டாம் என்று ஒரு மனசு. எடுத்துவிட்டேன். இதோ நியமன உத்தரவு, இதோ ஐ.டி.ஐ. சான்றிதழ், ஃபிட்டர், முதல் வகுப்பு. இரண்டு வருடம் ஐ.டி.ஐ. படித்தவனைக் கைநாட்டு என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் அவன் சான்றிதழை நானே மூன்றாவது இணைப்பாகக் கோத்து வைத்துக்கொண்டு. இரண்டு வருடமாக இந்தக் கையெழுத்தும் அந்த ரேகையும் ஒரே ஃபைலில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன. நான் ஓட்டை போட்டேன், டேக் கோத்தேன், பக்க எண் போட்டேன், பார்க்கவில்லை. ஏ.டி. கார்டு வந்தால் எச்.ஆர். பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், வந்ததா இல்லையா. வந்துவிட்டால் கடிதம் சேர்ந்தது, சேர்ந்துவிட்டால் ஆள் வீட்டில் இருக்கிறான், இருந்துகொண்டு வரவில்லையென்றால் திமிர். இதுதான் எங்கள் கணக்கு. கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருத்தன் ஏன் ரேகை வைக்க வேண்டும். தபால்காரரின் பேனா எழுதாமல் போயிருக்கலாம். மூன்று தடவையுமா. வயலில் இருந்திருப்பான், கை சேறாக இருந்திருக்கும். சேற்றுக் கையில் ரேகை மட்டும் எப்படி விழும். வேறு யாராவது வைத்திருக்கலாம், அப்பா, மாமனார், யாராவது படிக்காத பெரியவர், தபால்காரர் தெரிந்தவர் என்று கன்னியப்பன் பெயரையே எழுதிக்கொண்டு போயிருக்கலாம், கிராமத்தில் நடக்கிறதுதானே. இதைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சு விட்டேன். இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே, அந்த அம்மாள் வாயை அடைத்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. என் புத்தி போகிற போக்கைப் பாருங்கள், ஒருத்தனுக்குக் கை என்ன ஆயிற்றோ என்று யோசிக்க வேண்டிய நேரத்தில் வாயை அடைக்க வழி தேடுகிறது. கை என்ன ஆயிற்றோ. ஆமாம், அதுதான், அந்தச் சொல்லைத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், வாசல் வரைக்கும் போய்விட்டு உள்ளே போகாமல். அவன் பிரஸ் ஷாப். பிரஸ் மிஷினில் தகட்டை உள்ளே வைக்கிற கை வலது கை.

பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் வேதமூர்த்திதான் சொன்னார், கன்னியப்பன் நின்னுட்டான் மேடம், சொல்லாம கொள்ளாம போயிட்டான், ஏதோ வெளிநாட்டு வேலையாம். நான் சரி என்று பட்டியலில் பெயரை ஏற்றிக்கொண்டேன். வேதமூர்த்தி அதை எப்போது சொன்னார். நவம்பர் முதல் வாரம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சும் கட்டுத்துணியும் கேட்டு இண்டென்ட் எழுதிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு ரோல் கட்டுத்துணி. மாதம் ஒன்று கூடச் செலவாகாத சாமான். என்ன வேதமூர்த்தி, பிரசவமா பாத்தீங்க என்று கேட்டு, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்போதே ஒரு மாதிரி இருந்ததா, அல்லது இப்போதுதான் அப்படித் தோன்றுகிறதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பன்னிரண்டு ரோல் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கட்டுத்துணி ஞாபகம் இருக்கிற மூளைக்கு அதைச் சுற்றிய கை ஞாபகம் வரவில்லை. ஏன் மறைத்தார் என்றும் எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். எங்கள் ஆலை வாசலில் ஒரு பலகை இருக்கிறது, விபத்தில்லா நாட்கள் என்று எழுதி, தினமும் காலையில் செக்யூரிட்டி எண்ணை மாற்றுவார். ஒரு விபத்து நடந்தால் அடுத்த நாள் அது பூஜ்யம். ஐந்நூறை எட்டினால் மேலிடத்துப் பாராட்டு, எல்லோருக்கும் சாப்பாட்டு ஹாட் பேக் பரிசு. ஐந்நூறாவது நாள் விழா ஜனவரி இருபத்தைந்து, மறுநாள் குடியரசு தினம் என்பதால் ஞாபகம். மைக் பிடித்துப் பேசியது நான். நம் பிள்ளைகள் ஒவ்வொருத்தரும் காலையில் வந்த மாதிரியே சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள் என்று சொன்னேன், கைதட்டினார்கள், வேதமூர்த்தி முன்வரிசையில் நின்று தட்டினார். கன்னியப்பன் கடைசியாக வந்த நாள் இங்கே வருகைப்பதிவு நகலில் இருக்கிறது, அக்டோபர் இருபத்தொன்பது, காலைப் பாதி வருகை, மதியம் விடுப்பு. விரலை மடக்கி எண்ணினேன். அக்டோபரில் இரண்டு, நவம்பரில் முப்பது, டிசம்பரில் முப்பத்தொன்று, ஜனவரியில் இருபத்தைந்து. எண்பத்தெட்டு. ஐந்நூறில் எண்பத்தெட்டு போனால் நானூற்றுப் பன்னிரண்டு. அன்று காலையில் அவன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போயிருப்பான். எண்ணி முடித்த என் விரல்கள் மடங்கியபடியே இருந்தன, பத்தும் இருந்தன.

டீ வேணுமா மேடம் என்று ஓர் ஆயா வந்து கேட்டாள். வாங்கிக்கொண்டேன், குடிக்கவில்லை, ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன். அதையும் கேட்டுப் பார்த்தேன். சூப்பர்வைசர் பொய் சொன்னார், நான் நம்பினேன். ஆலை விதிகளான நிலையாணையில் என்ன இருக்கிறதோ அதைச் செய்தேன். கடிதம் போட்டேன், அவன் பதில் போட்டிருக்கலாமே. போட்டிருக்கலாம், எந்தக் கையால். பொண்டாட்டியை எழுதச் சொல்லியிருக்கலாமே. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, நான்தான் சட்டச் சிக்கல் வராது என்று ஆங்கிலத்திலேயே போடச் சொன்னேன், ஐ.டி.ஐ. படித்தவனுக்குக்கூட அந்தக் கடிதத்தில் பாதி விளங்கியிருக்காது, எனக்கே ஒரு வாக்கியம் விளங்காது. நேரில் வந்திருக்கலாமே. நேரில். இங்கே வந்து நின்றுவிட்டது மனசு. நேரில் யாரோ வந்தார்களே. அன்று மழை. நவம்பர் பாதி கடந்திருந்தது, புயல் சின்னம் என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டே இருந்த வாரம், ஆலையின் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் போனில் பேசுவது கேட்கவில்லை, நான் தணிக்கைக்குக் காகிதம் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து செக்யூரிட்டி பேசினார். பிரஸ் ஷாப் பழைய ஆள் ஒருத்தர் வந்து நிக்கறாரு மேடம், உங்களப் பாக்கணுமாம், ஏதோ லெட்டரு சம்பந்தமா. பெயர் சொன்னாரா. சொல்லியிருப்பார், மழைச் சத்தம், எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் முயற்சி செய்யவில்லை. என் முறைப்படி நேரில் பார்ப்பது கிடையாது. "எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகு, முறை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பெருமையாகக்கூட இருந்திருக்கும், எனக்கு என்னைத் தெரியும். அது அவனாக இருக்காது. வராதவர்கள் பட்டியலில் அந்த மாதம் ஏழு பேர், பிரஸ் ஷாப்பில் மட்டும் இரண்டு பேர், அதில் இன்னொருவனாக இருக்கும். இருக்க வேண்டும். ஆண்டவா, இன்னொருவனாக இருக்க வேண்டும் என்று நுங்கம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன், அந்த இன்னொருவனுக்கும் கை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை என்பதை மறந்துவிட்டு.

ஃபைலில் அவனுடைய விண்ணப்பப் படிவத்தில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள என்ற இடத்தில் தேவகி, மனைவி என்று எழுதி ஒரு எண் இருந்தது. அவசரத்துக்கு. மூன்று கடிதம் அனுப்பிய நான் இந்தப் பத்து இலக்கத்தை ஒரு தடவைகூட அழுத்தவில்லை, போன் கூடாது என்பது என் முறை. எழுந்து ஜன்னல் ஓரம் போய் அழுத்தினேன். எண் மாறியிருக்கும், எடுக்க மாட்டார்கள், எடுக்கக் கூடாது என்றே நினைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள். பின்னால் ஏதோ கடை, தராசுத் தட்டு வைக்கிற சத்தம். யாருங்க என்று கேட்டதற்குக் கம்பெனி பெயரைச் சொன்னேன், எச்.ஆர். என்றேன். அந்தப் பக்கம் தராசுச் சத்தம் நின்றது. பிறகு அந்தப் பெண், கோபமே இல்லாமல், ரேஷன் கடையில் விசாரிக்கிற மாதிரி, "இன்னொரு லெட்டரு வருதுங்களா மேடம்?" என்று கேட்டாள். இல்லையம்மா என்று சொல்வதற்குள் அவளே பேசினாள். "வந்தா பரவால்லீங்க. இந்தவாட்டி கையெழுத்தே போடுவாரு. எடது கையில எழுதப் பழகிட்டாரு." ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். வலது கைக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். என்ன மேடம் தெரியாத மாதிரி கேக்கறீங்க என்றாள். வேதமூர்த்தி சார் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய்த் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாராம், கரும்பு ஜூஸ் மிஷினில் மாட்டிக்கொண்டது என்று சொல்லச் சொன்னாராம், நாலு விரலும் போய்விட்டதாம், ஆறினதும் உட்கார்ந்து பார்க்கிற வேலை போட்டுத் தருகிறோம், எச்.ஆர். மேடத்திடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, வரும் கடிதத்துக்கெல்லாம் பயப்படாதீர்கள், சும்மா ஆபீஸ் வழக்கம் என்றாராம். இரண்டு வருடமாக அந்த வீட்டில் நான் எல்லாம் தெரிந்தவள். தெரிந்துகொண்டே ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று மூன்று கடிதம் எழுதியவள். எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா தெரியாது என்றேன். அவள் அதை நம்பினாளோ என்னவோ. "ரெண்டாவது லெட்டரு வந்தப்ப மழையில கம்பெனி கேட்டு வரைக்கும் வந்தாருங்களே. நீங்க எழுதிக் குடுக்கச் சொன்னீங்களாம். அன்னிலேர்ந்துதான் எடது கையில பழகினாரு" என்றாள். அழுகை வந்திருந்தால் தேவலை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் யாரோ இருப்பது போல, கடைசியாகக் கேட்டாள். "எழுதி முடிச்சு வெச்சிருக்காரு மேடம். ரொம்ப நாளாச்சு. இப்ப அனுப்பினா வாங்கிப்பீங்களா?"

வாங்கிக்கொள்வேன் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, அதற்குள் கதவு திறந்து வசுமதி மேடம் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அப்புறம் பேசறேம்மா என்று சொல்லி வைத்தது மட்டும் நிச்சயம். டை கட்டியவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே போனேன், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். தலைவர் எழுந்து நின்றே வாழ்த்துச் சொன்னார், நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டீர்கள், அறிக்கை அருமை, இன்றிலிருந்து அந்த நாலு எழுத்தைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். இந்திராணி மேடம் என்னைப் பார்க்கவில்லை, பெப்பர்மின்ட் காகிதத்தைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வினாடி, பொய் சொல்ல மாட்டேன், முழுசாக இரண்டு வினாடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூனாக்காரர் வர மாட்டார். சுவரில் என் படம் ஏறும். அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் பேச ஆரம்பித்துவிட்டது. சார், மாதிரிக்கு வைத்த ஃபைல் தப்பு, அவர் வேலையை விட்டுப் போகவில்லை, எங்கள் பிரஸ்ஸில் கை போய்விட்டது, அதை மறைத்திருக்கிறார்கள், நான் விசாரிக்காமல் பெயரை எடுத்திருக்கிறேன், இப்போதுதான் அவர் வீட்டில் பேசினேன் என்று கோர்வையில்லாமல் கொட்டினேன். தலைவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். நல்ல மனிதர், என் மேல் அக்கறையோடுதான் சொன்னார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "மார்க் போட்டாச்சும்மா. இப்ப நீங்க வாயால சொல்றத நாங்க எடுத்துக்க முடியாது. எழுத்துப்பூர்வமா குடுங்க. குடுத்தா ரிசல்ட்ட நிறுத்தி வெக்க வேண்டி வரும், அதையும் யோசிச்சுக்குங்க."

எழுத்துப்பூர்வமாக. அந்தச் சொல் என் சொல். என் அறிக்கையில் தடித்த எழுத்தில் பதினோரு இடத்தில் இருக்கிற சொல். அதை அவர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் சொல்லும்போதுதான், மழையில் வாசலில் நின்றவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குக் கேட்டது. இந்திராணி மேடம் தன் முன்னால் இருந்த வெள்ளைக் காகிதக் கட்டிலிருந்து இரண்டு தாளை உருவி என் பக்கம் தள்ளினார், மேலே தன் பேனாவை வைத்தார். ஜி.எம். முகம் வந்தது, வேதமூர்த்தி கைதட்டுவது வந்தது, வீட்டில் என்ன சொல்வது என்பது வந்தது. எனக்கு வேலையே போகலாம். தாளை நேராக வைத்தேன், தேதி போட்டேன். பெறுநர் என்று எழுதி, பேரவைத் தலைவர் அவர்கள், அரசுத் தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள் என்று இரண்டு பேரையும் எழுதினேன். ஆங்கிலம் வேண்டாம், தேவகியிடம் படித்துக் காட்டினால் புரிய வேண்டும் என்று தமிழில் எழுதினேன். பேனா பிடித்த கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, எழுத்து கோணலாக விழுந்தது, பரவாயில்லை, அவன் இதைவிடக் கோணலாக ஆரம்பித்திருப்பான். தலைவர் அடுத்த ஆளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள் என்று வெளியே குரல் கொடுத்தார். ஐயா என்று எழுதி, அடுத்த வரிக்கு வந்து, எங்கள் ஆலையின் பலகையில் விபத்தில்லா நாட்கள் நானூற்றுப் பன்னிரண்டோடு முடிந்துவிட்டன என்று எழுதினேன்.